மனுவின் பின்பக்கம்

கத்திரிக்கோலைக் கையில் பிடித்தபடியே குருசாமி அண்ணன் என்னை ஏறிட்டுப் பார்த்தார். அருப்புக்கோட்டையில் துணிக்கடைகளுக்குப் பின்னால் இருந்த ஒரு சின்ன அச்சகத்தில் அவர் ஃபோர்மேன். கரண்ட் போயிருந்ததால் மிஷின் ஓடவில்லை. மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. அவர் மேசையில் நாலு விரல் அகலத்தில் வெட்டிய காகிதத் துண்டுகள் கிடந்தன.

ஒரு துண்டை எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் எங்கள் எம்.எல்.ஏ.வின் பொடி எழுத்து. திருப்பினால் அச்சடித்த படிவம். 'மாணவியின் பெயர்' என்ற இடத்துக்கு எதிரே நீல மையில், மு. பஞ்சவர்ணம்.

துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"அண்ணே, இதை எப்ப வெட்டுனீக?"

"நேத்துக் காலையில. ஏன்? காப்பின்னா வெட்டத்தான செய்வோம்?"

அச்சகத்தில் கையெழுத்துப் பிரதியைக் காப்பி என்பார்கள். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்த காலம் அது. ஒரு பக்கத்தை ஒரே ஆள் கோத்தால் பொழுது போய்விடும். அதனால் பக்கத்தை மூன்றாக நறுக்கி, மூலையில் பென்சிலால் எண் போட்டு, மூன்று பேரிடம் கொடுப்பார்கள். கோத்து முடித்த துண்டைக் கம்பியில் குத்திவிடுவார்கள். இதெல்லாம் தொழிலில் உள்ள பழக்கம். குருசாமி அண்ணன் மேல் ஒரு தப்பும் கிடையாது.

என் கையில் இருந்தது ஒரு பெண்ணின் டி.சி., பள்ளி மாற்றுச் சான்றிதழ். நாளை மறுநாள் அவள் அதை எடுத்துக்கொண்டு ஆசிரியர் பயிற்சிப் பள்ளி நேர்காணலுக்குப் போக வேண்டும். ஒரே அசல். அதிலும் மூன்றில் ஒரு துண்டுதான் என்னிடம் இருந்தது.

தாண்டிப் போன இடம்

சென்னையில் குடியேறிவிட்ட நம் ஊர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். "திருமேனி ஐயாவைப் பற்றி வாராவாரம் புகழ்ந்து எழுதுகிறீர்கள். இத்தனை படித்த மனிதரை நம் ஜனங்கள் இரண்டாவது தேர்தலில் ஏன் தோற்கடித்தார்கள்? அந்த இடம் வந்தால் மட்டும் தாண்டிப் போய்விடுகிறீர்களே?" என்று கேட்கிறார்.

மனிதர் சரியாகப் பிடித்துவிட்டார். தாண்டித்தான் போனேன். இந்த வாரமும் தாண்டலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஐயா போய்ச் சேர்ந்துவிட்டார், எனக்கும் வயதாகிறது. இன்னும் எத்தனை வாரம் தாண்டுவது?

இன்றைக்குத்தான் இந்தத் தொடரைப் படிக்க வருகிறவர்களுக்காக இரண்டு வார்த்தை. திருமேனி ஐயா கல்லூரியில் வரலாறு நடத்தியவர். அந்த வேலையை உதறிவிட்டு எண்பதுகளின் நடுவில் திருச்சுழிப் பக்கத்துக்கு எம்.எல்.ஏ. ஆனார். நான் ஜெயபால். பந்தல்குடியில் எங்கள் குடும்பத்துக்குப் பருத்திக்கொட்டை, புண்ணாக்குக் கடை. கடையில் உட்கார எனக்கு உடம்பு வணங்கவில்லை. அண்ணன் தலையில் அதைக் கட்டிவிட்டு, ஐயாவின் திருச்சுழி அலுவலகத்தில் உதவியாளனாகச் சேர்ந்தேன். அப்போது எனக்கு முப்பது தாண்டியிருந்தது. ஒன்றும் தெரியாத வயது என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

புதுத் தாளில் கை ஓடாது

எங்கள் ஐயா எழுதாத இடம் கிடையாது. ஜீப்பில் எழுதுவார், துக்க வீட்டு நாற்காலியில் எழுதுவார், தாசில்தார் வரும்வரை காத்திருக்கும்போது எழுதுவார். ஆனால் புதுத் தாளில் மட்டும் எழுத மாட்டார். கல்யாணப் பத்திரிகையின் உள்பக்கம், பழைய சுற்றறிக்கை, நோட்டீஸ் என்று ஒரு பக்கம் வெறுமையாக உள்ள எதுவும் அவருக்கு ஆகும்.

"வெள்ளைத் தாளைப் பாத்தா பயமா இருக்கு, ஜெயபாலு. ஏற்கெனவே யாரோ எழுதுன தாளுன்னா, பேச்சுத் துணைக்கு ஆள் இருக்கிற மாதிரி இருக்கு," என்பார்.

பேச்சும் அப்படித்தான், ஊர் உலகத்தில் இல்லாத பேச்சு. சட்டமன்றத்தில் கண்மாயில் படியும் வண்டலைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசிவிட்டு வந்தவர். தேர்தல் மேடையில் மற்றவர்கள் எதிராளியைத் திட்டிக் கைதட்டல் வாங்குவார்கள். இவர், "உங்க கண்மாய்க்கு எத்தனை மடை?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காக நிற்பார். ஓர் ஊரில் யாருக்கும் தெரியவில்லை. "போய் எண்ணிட்டு வாங்க, நான் இருக்கேன்," என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எண்ணப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வரவில்லை. மைக் செட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

ஜனங்கள் அவரைப் 'புத்தகக்காரவுக' என்பார்கள். அதில் பாதி மரியாதை, பாதி கிண்டல்.

அந்தச் சமயத்தில் அவர் எழுதிக்கொண்டிருந்த புத்தகத்துக்குக் 'கண்மாயும் கச்சேரியும்' என்று பெயர் வைத்திருந்தார். கச்சேரி என்றால் பாட்டுக் கச்சேரி அல்ல, தாலுகா கச்சேரி. ஊர்க்காரர்கள் கையில் இருந்த கண்மாய்கள் எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக ஆபீஸ்களின் கைக்குப் போயின என்பதுதான் விஷயம். பத்து வருடம் ஊர் ஊராகத் திரிந்து சேர்த்தது. அத்தியாயம் முடிய முடிய அருப்புக்கோட்டைக்கு அச்சுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம்.

அவரிடம் ஒரு பிடிவாதமும் உண்டு. சிபாரிசுக் கடிதம் தர மாட்டார். வேலைக்கும் தர மாட்டார், படிப்புக்கும் தர மாட்டார். சொந்தத் தங்கை மகன் கேட்டு வந்தபோதே காபி கொடுத்து அனுப்பிவிட்டார். "தகுதி இருந்தால் தானாகவே கிடைக்கும்" என்று ஒரு கார்டு மட்டும் போகும். அந்தக் கார்டுகளை எழுதியதும் நான்தான்.

வலது பக்கத்து அடுக்கு

மனுக்களைப் பிரிப்பது என் வேலை. மேசையில் இரண்டு அடுக்கு வைத்திருந்தேன். கவனிக்க வேண்டியவை இடது பக்கம், முடிந்துபோனவை வலது பக்கம். வலது பக்கம் போகும் மனுவில் குண்டூசியை உருவிவிட்டு, தாளைக் கவிழ்த்து அடுக்க வேண்டும். அதுதான் ஐயா எழுத எடுக்கும் தாள்.

சிபாரிசு கேட்கும் மனு என்றால், கார்டு போட்ட கையோடு வலது பக்கம் போய்விடும். அதில் யோசிக்க ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்தேன்.

முத்திருளாயி அக்காவின் மனு, நரிக்குடிப் பக்கம் சுற்றுப்பயணம் போனபோது வந்தது. மகளுக்குப் பயிற்சிப் பள்ளியில் இடம் வாங்கித் தரச் சொல்லி யாரோ எழுதிக்கொடுத்த மனு. முதல் தாளைப் படித்தேன். கார்டு போட்டேன். குண்டூசியை உருவினேன். பின்னால் இன்னொரு தாள் இருந்ததே, அதைப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்று நானே எத்தனையோ தடவை காரணம் தேடியிருக்கிறேன். வெயில், பஸ் நேரம் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

"ஒரிசினலு, தம்பி"

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் தாயும் மகளும் அலுவலகத்துக்கு வந்தார்கள். முத்திருளாயி அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். புருஷன் இல்லை. கொஞ்சம் மானாவாரி நிலம், நாலைந்து ஆடு. முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"தம்பி, நல்ல சேதி. பஞ்சவர்ணத்துக்கு இன்ட்ரூ கார்டு வந்துருச்சு. நாளைக் கழிச்சு வியாழக்கெழம. ஐயா புண்ணியம்."

"ஐயா ஒண்ணும் செய்யலக்கா. மார்க்குக்கு வந்தது. சந்தோசம்."

"அந்த டிசியைக் குடுத்தீகன்னா பன்னண்டு மணி பஸ்ஸுக்குப் போயிருவோம்."

"எந்த டிசிக்கா?"

"மனுவோட சேத்துக் குடுத்தமே. ஒரிசினலு, தம்பி."

பஞ்சவர்ணம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான் நகலைக் குடுப்போம்னுதான் சொன்னேன். எங்கம்மாதான் கேக்கல."

"நகலைக் குடுத்தா எவுக மதிப்பாக? அசலையே தூக்கிக் குடுத்தாத்தான, நம்மளை நம்பி வந்துருக்காகன்னு ஐயாவுக்கு ஒரு இது வரும்?"

எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல. பட்டாவின் அசலைக் கொடுத்தவர்கள் உண்டு, ரேஷன் கார்டையே மனுவோடு கோத்துக் கொடுத்துவிட்டு மாதக் கடைசியில் தேடி வந்தவர்கள் உண்டு. அதனால்தான் ஒவ்வொரு தாளையும் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தவன் செய்த தப்பு இது.

இடது அடுக்கைப் புரட்டினேன். பீரோவைக் குடைந்தேன். வலது அடுக்கு பாதியாகக் குறைந்திருந்தது. போன வாரம் மூன்று அத்தியாயம் அச்சகத்துக்குப் போனது நினைவுக்கு வந்தது.

"இங்கன இல்லக்கா. அருப்புக்கோட்டையில பத்திரமா இருக்கு. நான் போயி எடுத்துட்டு வாரேன். நீங்க இங்கேயே இருங்க," என்றேன்.

பத்திரமா இருக்கு. அந்த வார்த்தை எப்படி வாயில் வந்ததென்று தெரியவில்லை.

பஸ் ஒவ்வொரு கருவேலம் புதருக்கும் நின்று நின்று போனது. முன்சீட்டில் ஒருவர் ஆட்டுக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு, மழையைப் பற்றி என்னிடம் ஏதோ கேட்டுக்கொண்டே வந்தார். என்ன பதில் சொன்னேனோ தெரியாது. அந்தத் தாளில் ஐயா எழுதாமல் விட்டிருக்க வேண்டும், எழுதியிருந்தாலும் அச்சகத்தில் இன்னும் பிரிக்காமல் வைத்திருக்க வேண்டும் என்று ரமணர் பிறந்த திருச்சுழியில் வேலை பார்ப்பவன் வேண்டக்கூடாத சாமியையெல்லாம் வேண்டிக்கொண்டு போனேன்.

மூன்றாவது துண்டு

அச்சகத்துக் கம்பியில் இரண்டாவது துண்டும் கிடைத்துவிட்டது. அதில் பள்ளியின் பெயர் இருந்தது. நடுவில் ஓட்டை. தலைமையாசிரியர் கையெழுத்தும் முத்திரையும் உள்ள அடித்துண்டைத்தான் காணோம்.

"அதை ராசுதான் கோத்தான். சாப்புடப் போயிருக்கான். இரு, வந்துருவான்," என்றார் குருசாமி அண்ணன்.

இருக்க முடியவில்லை. குப்பைத் தொட்டியைக் கவிழ்த்தேன். மை துடைத்த காகிதங்களை ஒவ்வொன்றாக விரித்தேன். சட்டையெல்லாம் மையாகிவிட்டது. குருசாமி அண்ணனும் கூடச் சேர்ந்து குனிந்து தேடினார். பாவம், அவருக்கு இடுப்பு வலி வேறு.

ராசு பல்லைக் குத்திக்கொண்டு வந்து, விஷயத்தைக் கேட்டுவிட்டு, தான் உட்காரும் ஸ்டூலைத் தூக்கினார். ஒரு கால் ஆடுகிறதென்று அந்தத் துண்டை நாலாக மடித்து முட்டுக் கொடுத்திருந்தார். பிரித்தோம். கையெழுத்து இருந்தது. முத்திரையில் பாதி, தரை ஈரத்தில் ஊறிப் பரவியிருந்தது.

குருசாமி அண்ணன் பசைக் கிண்ணத்தை எடுத்தார். "ஒரு அட்டையில ஒட்டித் தந்துர்றேன், ஜெயபாலு. எந்தப் பக்கம் மேல வரணும்?"

அவர் நல்ல மனதோடுதான் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வேண்டாம் என்று மூன்று துண்டையும் ஒரு கவரில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

அவர் முதலில் படித்தது

நான் திருச்சுழி போய்ச் சேர்ந்தபோது ஐயா அலுவலகத்துக்கு வந்திருந்தார். வெளி அறையில் தாயும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். டீக்கடையிலிருந்து வந்த பன்னைக் காகிதத்தோடு மடியில் வைத்திருந்தாள் பஞ்சவர்ணம். என் சட்டையைப் பார்த்துவிட்டு அவள் எழுந்து நின்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். துண்டுகளை மேசையில் வைத்தேன்.

ஐயா மூன்றையும் சேர்த்து வைத்தார். தன் எழுத்து இருந்த பக்கத்தைத்தான் முதலில் படித்தார். கண்மாய் மடையைத் திறந்து வயல் வயலாகத் தண்ணீர் விடும் நீர்ப்பாய்ச்சியைப் பற்றிய பக்கம் அது. கடைமடை வயல் காய்ந்தால் அந்த ஆள் ஊர்ச் சோறு தின்னக் கூடாது என்று ஒரு பழைய வழக்கத்தை எழுதியிருந்தார். படித்துக்கொண்டே வந்தவர், ஒரு வார்த்தை பிடிக்காமல் பேனாவை எடுத்து அடித்தார். மேலே இன்னொரு வார்த்தை எழுதப் போனார்.

அப்போதுதான் கை நின்றது. பேனாவை மூடினார். ஒவ்வொரு துண்டாகத் திருப்பினார். அந்தப் பெண்ணின் பெயரை, பிறந்த தேதியை, 'நன்னடத்தை' என்று எழுதியிருந்த இடத்தை நிதானமாகப் படித்தார். முகம் சிறுத்துப் போய்விட்டது. அப்படி ஒரு முகத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

"பள்ளிக்கூடத்துல வேற டிசி வாங்க முடியாதா?"

"அருப்புக்கோட்டையிலேருந்தே போன் போட்டு விசாரிச்சுட்டேன் ஐயா. தலைமையாசிரியர் லீவுல ஊருக்குப் போயிருக்காரு. அவரு வந்தாலும் மேல எழுதி உத்தரவு வாங்கணுமாம். வியாழக்கிழமைக்குள்ள ஆகாது."

தயங்கித் தயங்கி, மனதில் இருந்ததைக் கேட்டேன். "ஒரு போன் போட்டீங்கன்னா முடிஞ்சுரும் ஐயா."

"போட்டு என்ன சொல்ல? எம்.எல்.ஏ. பேசுறேன், இந்தப் புள்ளைக்கு டிசி இல்லாம இடம் குடுன்னா? பயந்துக்கிட்டுக் குடுத்துருவாங்க. அந்தப் புள்ள மார்க்குக்குப் போகுது, ஜெயபாலு. என்னால சிபாரிசுல போன புள்ளையா ஆயிரக் கூடாது. நேர்ல போவோம்."

"தப்பு என்னுது ஐயா. நான்தான் தாளைப் பாக்காம அடுக்குனேன்."

"நீங்க பாக்கல. சரி. எழுத உக்காந்தவன் திருப்பிப் பாத்துருந்தா பேரு தெரிஞ்சிருக்கும்ல? ரெண்டு பேரும் பாக்கல."

கதவைத் திறந்து வெளியே போனார். நான் உள்ளேயே நின்றேன். அவர் அந்தத் தாயிடம் சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

"தாயி, உங்க மக டிசியில நான் எழுதி, அச்சாபீஸுக்கு அனுப்பி, அது கிழிஞ்சுபோச்சு. என் தப்பு. வியாழக்கெழம நானும் கூட வாரேன்."

பிறகு பஞ்சவர்ணம் மட்டும், "இடம் கெடைக்காதா ஐயா?" என்று கேட்டாள். அவர், "தெரியல தாயி," என்றார்.

நான் அப்போதும் வெளியே வரவில்லை.

வெள்ளைத் தாள்

வியாழக்கிழமை ஜீப்பில் நாலு பேர். மூன்று மணி நேரப் பயணம். பஞ்சவர்ணம் கவரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். நான் முன்னால் உட்கார்ந்துகொண்டு, இடம் போய்விட்டால் இந்தப் பெண்ணை இனி எந்த முகத்தோடு பார்ப்பது என்று கணத்துக்குக் கணம் செத்துக்கொண்டு வந்தேன்.

ஐயா வரிசையில்தான் நின்றார். பியூன் அடையாளம் கண்டு நாற்காலி கொண்டுவந்தார். அதில் முத்திருளாயி அக்காவை உட்காரச் சொன்னார்.

பயிற்சிப் பள்ளி முதல்வர் கண்டிப்பான அம்மாள். எம்.எல்.ஏ.வைக் கண்டதும் அவர் முகம் கடுகடுத்தது. "சிபாரிசா?" என்றார்.

"இல்லம்மா. தப்பைச் சொல்ல வந்தேன்."

துண்டுகளை மேசையில் பரப்பினார். முதல்வர் அம்மாள் இரண்டு பக்கத்தையும் பார்த்தார். விண்ணப்பத்தோடு வைத்திருந்த சான்றொப்பமிட்ட நகலை எடுத்து வரிக்கு வரி ஒப்பிட்டார்.

"பொண்ணு மேல தப்பு இல்ல. தற்காலிகமாச் சேத்துக்கிறேன். ஒரு மாசத்துல வேற டிசி வந்தாகணும். ஆனா இது யாரால சேதமாச்சுன்னு எழுத்துல வேணும். நாளைக்கு என்னைக் கேள்வி கேப்பாங்க. ஃபைல்ல இருக்கணும்," என்று சொல்லி, ஒரு வெள்ளைத் தாளை எங்கள் பக்கம் தள்ளினார்.

என் சட்டைப் பையில் பேனா இருந்தது. கை அதுவரை போனது உண்மை. பேனாவைத் தொட்டேன். எடுக்கவில்லை.

ஐயா தாளைத் தன் பக்கம் இழுத்து, நிற்காமல் எழுதினார். 'என்னிடம் நம்பிக் கொடுக்கப்பட்ட சான்றிதழை என் கவனக்குறைவால் சேதப்படுத்தினேன்.' கீழே பெயர், பதவி, கையெழுத்து. என் பெயர் அதில் இல்லை. எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். வெட்கம் பிறகுதான் வந்தது. அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பஞ்சவர்ணம் சேர்ந்துவிட்டாள். அடுத்த மாதம் புது டி.சி.யும் வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புத்தகம் வெளிவந்தபோது அந்த ஒரு பக்கம் மட்டும் அதில் இல்லை. கோத்த எழுத்தைக் கலைக்கச் சொல்லிவிட்டார். படித்தவர்கள் அந்த இடத்தில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று எழுதியிருந்தார்கள்.

சுவரொட்டி

ஐயா அன்று முதல்வர் அம்மாளுக்கு எழுதிக்கொடுத்த தாளின் நகல் எப்படி வெளியே போனதோ, அடுத்த தேர்தலில் எதிராளிகள் கையில் இருந்தது. அருப்புக்கோட்டை ரோட்டிலிருந்து நரிக்குடி வரை சுவரெல்லாம் அதுதான். 'ஏழை மாணவியின் சான்றிதழைக் கிழித்த எழுத்தாளர். இதோ அவரே கொடுத்த வாக்குமூலம்.' கீழே ஐயாவின் கையெழுத்து, பெரிதாக.

மனுக் கொடுத்தவர்களெல்லாம் பயந்துவிட்டார்கள். தங்கள் தாளிலும் எழுதியிருப்பாரோ என்று கேட்டு ஆபீஸுக்கு வந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஓட்டு எங்கே போகிறதென்று எங்கள் கண்ணுக்கே தெரிந்தது.

ஒருநாள் ஜீப்பில் போகும்போது கேட்டேன். "ஐயா, நான் மேடையில ஏறி, நடந்ததைச் சொல்லிரட்டுமா?"

"சொன்னா, வேலை பாக்குறவன் தலையில பழியைப் போடுறாருன்னு பேசுவாக. அது இதைவிடக் கேவலம்," என்றார். கொஞ்ச தூரம் போனதும், "ஆனா அது உங்க இஷ்டம், ஜெயபாலு. நான் தடுக்க மாட்டேன்," என்றார்.

முதலில் சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பின்னால் சொன்னதைக் கேட்காததுபோல் இருந்துவிட்டேன். ஒவ்வொரு கூட்டத்திலும், இன்றைக்கு யாராவது எழுந்து கேட்பார்கள், இன்றைக்கு ஐயா வாய் தவறி என் பெயரைச் சொல்லிவிடுவார் என்று நடுங்கிக்கொண்டே மைக் பக்கத்தில் நின்றேன். அவர் சொல்லவே இல்லை.

நரிக்குடியில் ஒரு சாயங்காலக் கூட்டம். பேச ஆரம்பித்ததும் முன்வரிசையில் ஒருவன் சுவரொட்டியைத் தூக்கிப் பிடித்தான்.

"ஏய் புத்தகக்காரரே! புள்ள டிசியைக் கிழிச்சீரா இல்லையா? அதைச் சொல்லும் மொதல்ல!"

"ஆமா. என்னாலதான் போச்சு," என்றார் ஐயா.

கூட்டம் சளசளத்தது. அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து முத்திருளாயி அக்கா எழுந்து, முந்தானையைச் செருகிக்கொண்டு மேடைப் படியில் ஏறினார். அவர் உயரத்துக்கு மைக் எட்டவில்லை. நான் அதை ஸ்டாண்டிலிருந்து கழற்றி அவர் வாய்க்கு நேராகப் பிடித்தேன்.

"அந்தப் புள்ளையப் பெத்தவ நான்தான்," என்றார். கூட்டம் அடங்கியது. "ஐயாவால கிழிஞ்சது நெசந்தான். எனக்கும் வயிறு எரிஞ்சுச்சு. ஆனா அவுகளே எங்களோட வந்து, வரிசையில நின்னு, எம் மேல தப்புன்னு எழுதிக் குடுத்தாக. எம் மக இன்னைக்கு டீச்சருக்குப் படிக்கிறா. வேற எந்த எம்.எல்.ஏ. எழுதிக் குடுப்பாக, சொல்லுங்க பாப்போம்."

கீழே இறங்கப் போனவர், நின்று என் பக்கம் திரும்பினார்.

"இந்தத் தம்பியையும் சொல்லணும். அன்னைக்கு இவருதான் வேகாத வெயில்ல அருப்புக்கோட்டைக்கு ஓடி, குப்பையெல்லாம் கெளறி, துண்டு துண்டாப் பொறுக்கிட்டு வந்தாரு. இவரு இல்லாட்டி எம் மகளுக்குப் படிப்பு ஏது? நல்லா இருக்கணும் தம்பி."

கூட்டம் கை தட்டியது. அந்தத் தேர்தலில் எங்கள் மேடைக்குக் கிடைத்த பெரிய கைதட்டல் அதுதான். ஐயாவும் தட்டினார், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே. அந்தப் பார்வையில் கோபம் இல்லை. காத்துக்கொண்டிருந்தார்.

மைக் என் கையில்தான் இருந்தது. அதை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு, இரண்டு கையையும் கூப்பி, கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டேன்.